தரகு என்பது

விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு ‘ஒத்தக்கை வூடு’ என்று பெயர். என் மாமனார் காலத்திலிருந்து நாங்கள் இடத் தரகர்கள். விற்கிறவரிடம் மட்டும் தரகு வாங்குவோம். வாங்குகிறவரிடம் ஒரு ரூபாய் தொடமாட்டோம். மற்றவர்கள் இரண்டு பக்கமும் வாங்குகிறார்கள். அது அவர்கள் வழக்கம். விற்கிறவர் ஆயுளில் ஒரு தடவை விற்பார், வாங்குகிறவர் நாளைக்கும் வாங்க வருவார், அதனால் தரகனின் புத்தி தானாகவே வாங்குகிறவர் பக்கம் சாயும் என்பார் மாமனார். சாயாமல் நிற்கத்தான் இந்தக் கட்டுப்பாடு. இடம் பார்க்க வந்தவரோடு டீக்கடையில் நின்றால், என் டீக்கு நான்தான் காசு கொடுப்பேன். என் கணவர் காலமான பிறகு தொழிலை நான் எடுத்துக்கொண்டேன். பொம்பளை தரகு பேசுவதா என்று கேட்டவர்களே பிறகு பத்திரத்தோடு என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

போன ஆவணியில், தெய்வநாயகத்தின் ஷெட்டில் அந்தப் பெயர் கெட்டுப்போக இருந்தது.

தெய்வநாயகம் பீங்கான் பொம்மை செய்கிறவர். ஜங்ஷன் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி அவருக்குச் சொந்த மனை, அதில் ஷெட்டு, கேஸ் சூளை. முழங்கால் தேய்ந்துவிட்டது, பிள்ளைகள் சிங்கப்பூரில். எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னார். திருச்சிக் கம்பெனி ஒன்று கேட்டு வந்தது. எனக்கு இடுப்புப் பிடித்திருந்த நேரம். என் கொழுந்தன் மணிதான் ஸ்கூட்டியில் அலைந்து அறுபது லட்சத்துக்கு விலை முடித்தான்.

ஒப்பந்தத்தை வாசித்துக் கையெழுத்துப் போட ஷெட்டிலேயே கூடினோம். கம்பெனியின் வக்கீல் பூர்ணிமா வந்திருந்தாள். தெளிவான பெண். ஒவ்வொரு ஷரத்தாக நிறுத்தி வாசித்தாள். தரகு என்ற இடம் வந்தது. விற்பவர் இரண்டு சதவீதம் தர வேண்டியது. சரி. அடுத்ததை வாசித்தாள்.

“வாங்குபவர் திரு. மணி அவர்களுக்குச் செலுத்தியுள்ள ஆலோசனைக் கட்டணம் ரூபாய் ஒரு லட்சம், மேற்படி தரகில் சேராது.”

தெய்வநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். மணியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஏங்க்கா, ஒத்தக்கை வூடுன்னு ஊரே சொல்லுது. இன்னொரு கைய முந்தானைக்குள்ள வெச்சிருந்தீங்களா?”

என் அறுபத்தெட்டு வயதில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. மணியிடம் திரும்பினேன்.

“வாங்குனியா?”

“அண்ணி, அது கமிஷன் இல்லீங்க. கன்சல்டன்சி. பேங்க்ல போட்டாங்க. கமிஷன்னு சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பேனா?”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. கமிஷன் என்ற பெயரில் வந்தால்தான் குற்றம் என்று அவன் மனதார நம்பியிருந்தான்.

“ஏம்மா பூர்ணிமா, அந்த ஒரு லட்சம் என்னா வேலைக்குக் குடுத்தாங்க?”

அவள் சற்றுத் தயங்கினாள். “இடத்தைக் காட்டினதுக்கு, விலை பேசி முடிச்சுக் குடுத்ததுக்குன்னுதான் கம்பெனி சொல்லிச்சுங்க.”

“அப்ப அது தரகு. பேருதான் வேற.”

தெய்வநாயகம் விடவில்லை. “அதான் நான் அறுபத்தஞ்சு கேட்டது அறுபதுல வந்து நின்னுச்சா? ‘குடுத்துடுங்கண்ணே, இதுக்கு மேல வராது’ன்னு உங்க கொழுந்தன் காலையும் சாயங்காலமும் வந்து ஓதுனாரே!”

மணி தலையைக் குனிந்துகொண்டான். அவன் தெரிந்து விலையைக் குறைத்தானா, இல்லை பணம் வாங்கிய மனம் தானாகச் சாய்ந்ததா, எனக்குத் தெரியாது. அவனுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். இனி எத்தனை சத்தியம் செய்தாலும் தெய்வநாயகம் நம்ப மாட்டார். அவர் நம்பாதது சரிதான்.

“வக்கீலம்மா, உங்க மேனேஜரை வரச் சொல்லுங்க. இந்த விலை செல்லாது.”

“அண்ணி!” என்றான் மணி.

“என் வூட்டு ஆளு அவங்க காசு வாங்கிக்கிட்டுப் பேசின விலை அது. அந்த லட்சத்தை இப்பவே திருப்பிப் போடு. விலைய நான் பேசறேன்.”

மேனேஜர் பாரி மத்தியானம் காரில் வந்தார். வெள்ளைச் சட்டையும் கையில் இரண்டு போனுமாக இருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“என்னம்மா இது? முடிஞ்ச விலைய யாராவது மறுபடி பேசுவாங்களா? திட்டக்குடி பக்கம் எங்களுக்கு வேற இடம் இருக்குது. இப்பவே கெளம்பிடுவேன்.”

இப்போது பயந்தது தெய்வநாயகம். என் அருகில் வந்து குனிந்தார். “அக்கா, போதும்க்கா. ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். வந்த பார்ட்டிய வெரட்டிடாதீங்க.”

“நீங்க சொன்னதுக்காக இல்ல. உக்காருங்க.”

பாரியிடம் திரும்பினேன். “திட்டக்குடியில சூளை இருக்குதா?”

“கட்டிப்போம்.”

“கார்த்திகைக்குள்ளயா?” ஷெட்டின் வாசலைக் காட்டினேன். கையெழுத்தாகும் முன்பே தெய்வநாயகத்தைக் கேட்டு அவர்கள் இறக்கியிருந்த களிமண் மூட்டைகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. “அகல் விளக்கு ஆர்டர் புடிச்சிட்டுத்தான் லோடு எறக்கியிருக்கீங்க. நான் தப்பாச் சொன்னா இப்பவே லாரிய வரச் சொல்லி ஏத்திக்குங்க. கூலி நான் குடுக்கறேன்.”

பாரி மூட்டைகளைப் பார்த்தார். பூர்ணிமா வேறு பக்கம் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது.

“என்னதாம்மா கேக்கறீங்க?”

“அவரு மொதல்ல கேட்டது அறுபத்தஞ்சு. அங்கேருந்து ஆரம்பிங்க. அவரு எதுர்லயே பேசுங்க. போன்ல கிசுகிசுன்னு வேணாம்.”

பேசினோம். அவர் அறுபத்தொன்று என்றார். போன மாசியில் பக்கத்து ஷெட்டு சூளையே இல்லாமல் என்ன விலைக்குப் போனது என்று சொன்னேன். அறுபத்திரண்டரை என்றார். சூளையின் உள்செங்கலைப் போன வருஷம்தான் மாற்றியது, உள்ளே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றேன். போய்ப் பார்த்துவிட்டுச் சட்டையெல்லாம் தூசியாக வந்தார். அறுபத்துநாலில் முடிந்தது. தெய்வநாயகத்தின் மனைவி வீராயி அதுவரை மண் பிசையும் மேடைக்குப் பின்னால் நின்றிருந்தாள். விலையைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தாள்.

“இப்பவாச்சும் கையெழுத்துப் போடலாமாம்மா?” என்றார் பாரி.

“தரகு ஷரத்தை மாத்தணும். தரகுன்னா இன்னதுன்னு எழுதுங்க.”

நான் சொல்லச் சொல்லப் பூர்ணிமா லேப்டாப்பில் அடித்தாள். பாதியில் நிறுத்தி, “எந்தப் பெயரில்னு மட்டும் போட்டாப் போதாதுங்கம்மா. பணமா, பொருளா, யார் மூலமான்னும் போடணும். இல்லன்னா ஓட்டை இருக்கும்” என்றாள். நல்ல யோசனை. போடச் சொன்னேன். கடைசியில் அவளே எழுந்து நின்று வாசித்தாள்.

“தரகு என்பது, இந்த விற்பனை தொடர்பாக, தரகருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ, எவரும், எவர் மூலமும், எந்தப் பெயரிலும், பணமாகவோ பொருளாகவோ கொடுப்பது அனைத்தும் ஆகும். அது விற்பவர் பத்திரப்பதிவுக்குப் பின் தரும் இரண்டு சதவீதம் மட்டுமே. வாங்குபவர் தருவது எதுவும் இல்லை. அப்படித் தந்திருப்பது தெரியவந்தால், விற்பவர் தரகு தர வேண்டியதில்லை.”

கடைசி வாக்கியம் என்னுடையது. மணி அதைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தான். பார்க்கட்டும். அவன் போன் சத்தம் போட்டது. லட்சம் கம்பெனிக் கணக்குக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. போனைப் பாரியிடமே நீட்டிக் காட்டச் சொன்னேன். காட்டினான்.

அடுத்த முகூர்த்த நாளில் பத்திரம் பதிந்தோம். பதிவு அலுவலக வாசலில், அத்தனை பத்திர எழுத்தர்களும் பார்க்க, தெய்வநாயகம் வெற்றிலை பாக்கு வைத்த தட்டில் தரகை வைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“அக்கா, நான் அன்னிக்குக் கேட்டது...”

“கேக்க வேண்டியதைத்தான் கேட்டீங்க. கேக்காம இருந்திருந்தா நாலு லட்சம் போயிருக்கும்.”

பாரி படியிறங்கி என்னிடம் வந்தார். “எங்களுக்கு இன்னொரு ஷெட்டு வேணும்மா. நீங்கதான் பாத்துக் குடுக்கணும்.”

“விக்கிறவங்க ஆளாத்தான் வருவேன். உங்களுக்கு வெலைய ஏத்துவேன்.”

“தெரியும்மா. ஆனா அப்புறம் வில்லங்கம் இருக்காதுல்ல. பூர்ணிமா உங்க ஷரத்தை எங்க எல்லா ஒப்பந்தத்துலயும் போட்டுட்டாங்க.”

தலையசைத்தேன்.

மணி ஸ்கூட்டியைக் கிளப்பிக் காத்திருந்தான். “ஏறுங்க அண்ணி, வெயிலா இருக்குது.”

“நீ போ. நான் நடந்து வரேன்.”

“இடுப்பு வலியோடவா?”

இடுப்பு வலித்தது. ஆனாலும் குறுக்குச் சந்தில் திரும்பாமல், கடைவீதி முழுக்க நடுவழியாக நடந்து வீட்டுக்குப் போனேன்.