திரும்பி வருவதற்கான ஆதாரம்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவன், படிப்பு முடிந்ததும் திரும்பி வருவான் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். என்னிடம் இருந்த ஆதாரத்துக்கு மூன்றரை வயது. பெயர் ஹுமா.

அதைக் கண்டுபிடித்தவர் முத்துக்குமரன். மதுரை காளவாசலில் ஒரு பேக்கரியின் மாடியில் கன்சல்டன்சி நடத்துகிறார். சுவர் முழுக்க ஆஸ்திரேலியா. அவர் இலங்கைக்குக்கூடப் போனதில்லை. அதை அவரே சொன்னார்.

"சொந்த வீடு இருக்கா ப்ரோ?"

"வாடகை."

"நெலம் கிலம்?"

"இல்ல."

"அப்பா, அம்மா?"

"தவறிட்டாங்க."

"வொய்ஃப்?"

"அவளும்."

பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"சாரி ப்ரோ. பிள்ளைக?"

"ஒரு பொண்ணு."

"அத மொதல்ல சொல்லலாம்ல," என்றார். முகம் தெளிந்துவிட்டது.

சபிஹா போன வருடம் டெங்குவில் இறந்தாள். அதன்பின் நான் வெளிநாடு போனால் நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள். மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. முத்துக்குமரன் அதை என் விருப்பம் என்று எழுதிக்கொண்டார். நான் திருமங்கலம் பக்கம் ஒரு கட்டடக் கம்பெனியில் சைட் இன்ஜினியர். எனவே கட்டுமான மேலாண்மையில் முதுகலை.

அவர் திட்டத்தை விளக்கினார். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் நான் அங்கேயே தங்கிவிடுவேன் என்று நினைப்பார்கள். விட்டுவிட்டுப் போனால் வந்துவிடுவேன் என்று நினைப்பார்கள்.

"வருவேனா?" என்று கேட்டேன்.

"எதுக்கு வாரீங்க? படிப்பு ரெண்டு வருசம். அப்புறம் வேலை. அப்புறம் பிஆர், அங்கயே நெரந்தரமா இருந்துக்கலாம். தப்பா எடுத்துக்காதீங்க, அதுக்குப் போடுற மார்க்குல சிங்கிளுக்குப் பத்து பாயின்ட் தனியா இருக்கு. பிஆர் வந்ததும் பாப்பாவ எடுத்துக்கலாம்."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஹுமா காஜிமார் தெருவில், சபிஹாவின் அக்கா சபுரா மதினி வீட்டில் வளர்கிறாள். சபிஹாவின் மையத்தை எடுத்து அடக்கம் செய்த அன்று மதினி தூக்கிக்கொண்டு போனதுதான். மதினிக்கும் அப்துல் ரசாக் அண்ணனுக்கும் கல்யாணமாகிப் பல வருடங்களாகக் குழந்தை இல்லை. நான் வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். ஹுமா அப்பா என்ற அர்த்தத்தில் ரசாக் அண்ணனை அத்தா என்பாள். என்னைப் பெயர் சேர்த்து ஆரிப் அத்தா என்பாள். யாரும் திருத்தவில்லை. நானும்தான்.

குழந்தையைப் பார்த்துக்கொள்வதாக மதினி எழுதித் தர வேண்டும் என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் சம்மதித்தார்.

"ஸ்கூலுக்குக்கூடக் கேட்டு வச்சிட்டேன் தம்பி. நீங்க நிம்மதியாப் போங்க."

"போய்ப் படிச்சிட்டு வாங்க சகல," என்றார் லுங்கிக் கடை வைத்திருக்கும் ரசாக் அண்ணன். "கங்காரு ஒண்ணு வாங்கிட்டு வாங்க, கடைல நிறுத்திருவோம். ஓசிலயே லுங்கிக்கு விளம்பரம்."

ஆனாலும் கையெழுத்துப் போடுமுன் அந்த ஆபீஸ்காரரிடம் தன் காதால் கேட்க வேண்டும் என்றார் மதினி. சனிக்கிழமை ஆட்டோவில் போனோம். ஹுமா மதினி மடியில் உட்கார்ந்து பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

விசா ஆபீசிலிருந்து போன் வந்தாலும் வரலாம் என்பதால் அன்று எனக்குப் பயிற்சி. முத்துக்குமரன் அதிகாரி. குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

படிப்பு முடிந்ததும் என்ன செய்வீர்கள்? மதுரைக்குத் திரும்புவேன். ஏன்? என் மகள் அங்கே இருக்கிறாள்.

"சூப்பர் ப்ரோ. ஆனா கொஞ்சம் பாசமாச் சொல்லுங்க. கரண்ட் பில்லு வாசிக்கிற மாதிரி இருக்கு."

மறுபடி சொன்னேன். அதே மாதிரிதான் வந்தது.

மதினி நடுவில் புகுந்தார். "படிச்சு முடிச்சதும் வந்துருவாருல்ல சார்?"

"ஃபைல்ல வந்துருவாரும்மா."

"நெசத்துல?"

முத்துக்குமரன் குடும்பத்தாரிடம் பொய் சொல்லாதவர். அதில் அவருக்குப் பெருமை உண்டு. "நெசத்துல எதுக்கும்மா வரணும்? பிஆர் வாங்கிட்டாருன்னா பாப்பாவும் பின்னாலயே போயிரும். ராணி மாதிரி இருக்கும்."

"எம்புட்டு வருசத்துல?"

"அஞ்சு வைங்க. ஆறு வைங்க."

"அப்ப ஒம்போது, பத்து வயசு," என்றார் மதினி. ஹுமாவின் வாயைத் தன் முந்தானையால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த வாய்தான். "அதுவரைக்கும் வளத்து அனுப்பணும்."

"அதுக்குத்தானம்மா இந்த அபிடவிட்."

மதினி பேனாவை வாங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

படியில் இறங்கும்போது ஹுமா மதினி தோளில் தூங்கிவிட்டாள். பேக்கரி வாசலில் மதினி நின்றார்.

"தம்பி, ஒங்க பிள்ள. நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்பவே கூட்டிட்டுப் போயிருங்க. விட்டுட்டுப் போறதா இருந்தா திரும்பக் கேக்காதீங்க. பத்து வயசுல பிடுங்கிட்டுப் போனா நான் தாங்க மாட்டேன். தங்கச்சிக்கே இன்னும் அழுது முடியல."

"யோசிக்கிறேன் மதினி."

"யோசிங்க. நீங்க எதையாச்சும் யோசிச்சாலே எனக்குச் சந்தோசம்தான்."

ஞாயிறு முழுவதும் வீட்டில் உட்கார்ந்து இரண்டையும் சொல்லிப் பார்த்தேன். கூட்டிக்கொண்டு போகிறேன் என்பது வாயில் வரவில்லை. எனக்குச் சோறு வடிக்கத் தெரியாது. திரும்பக் கேட்க மாட்டேன் என்பதும் வரவில்லை. ஆனால் முதலாவது, வழி தெரியாமல் வராதது. இரண்டாவது அப்படியில்லை. அது சொல்ல மனமில்லாமல் வராதது. சபிஹா இறந்த பிறகு எனக்கு எதற்கும் மனம் இருந்ததும் இல்லை, இல்லாமல் போனதும் இல்லை. மறுபடி சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

திங்கட்கிழமை மாடி ஏறினேன்.

"பாப்பாவ என்கூடவே சேத்துருங்க."

முத்துக்குமரன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ப்ரோ, அப்ப நீங்க திரும்பி வாரதுக்கு என்ன ஆதாரம்?"

"ஒண்ணுமில்ல."

"ரிஜெக்ட் ஆகிரும்."

"ஆகலாம்."

"கிடைச்சாலும் அங்க பாப்பாவ யாரு பாத்துக்குவா? நீங்க கிளாசுக்குப் போவீங்களா, பார்ட் டைம் போவீங்களா, பாப்பாவுக்குப் பல்லு விளக்கி விடுவீங்களா?"

"எல்லாம்தான்."

"சமைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

அவர் என் ஃபைலை மற்ற ஃபைல்களுக்கு அடியில் வைத்தார். வைத்தவர் மறுபடி எடுத்து, ஹுமாவின் பாஸ்போர்ட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார்.

சாயங்காலம் காஜிமார் தெருவுக்குப் போனேன். மதினி அடுப்படியில் இருந்தார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"கெடைக்குமா?"

"கஷ்டம்கிறாரு."

"ரிஜெக்ட் ஆகணும்னு துஆ கேப்பேன் தம்பி. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் கேப்பேன். ஒளிச்சு வச்சுக் கேக்கக் கூடாதுன்னு ஒங்ககிட்டயே சொல்றேன். கோவிச்சுக்காதீங்க."

"சரி மதினி. கேளுங்க."

"நீங்களும் கெடைக்கணும்னு கேளுங்க. தொழுதுதான் எம்புட்டு நாளாச்சு."

அதற்கும் சரி என்றேன்.

அவர் உள்ளே போய்ச் சீப்பும் தேங்காய் எண்ணெயும் எடுத்து வந்து, ஹுமாவை என் முன்னால் முதுகு காட்டி உட்கார வைத்தார். அவளுக்கு முடி இவ்வளவு வளர்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

"வகிடு எடுங்க பாப்போம்."

எடுத்தேன். கோணலாக வந்தது. மதினி கலைத்துவிட்டு, மறுபடி எடுக்கச் சொன்னார்.