நாலு விரல் தண்ணீர்

எங்கள் பாம்பா சிக்காவில் மழை பெய்து பத்து மாதம் ஆகிவிட்டது. பொட்டல் மணலும் கருவேலம் மாதிரி நாலு முள்மரமும் இருக்கிற ஊரில் கொசுவா என்று பியூரா நகரத்துக்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்குக் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. இங்கே குளம் கிடையாது, குட்டை கிடையாது, சாக்கடை கூடக் கிடையாது. கொசுவுக்கு எங்கள் வீடுகளை விட்டால் வேறு போக்கிடமே இல்லை. எங்கள் டிரம்மில் முட்டையிட்டு, எங்கள் கட்டிலுக்கடியில் தூங்கி, எங்கள் காலையே கடிக்கும்.

நான் எர்லிண்டா. சுகாதார நிலையத்தில் கொசு வேலை. ஒன்பது வருடமாக வீடு வீடாகப் போய் டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். எனக்குப் பொறுமை கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒன்பது வருடம் இந்த ஜனங்களோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் லாரி வரும். லாரி வருவதற்குள் டிரம் வற்றினாலும் எங்கள் ஆட்கள் அதை முழுக்கக் காலி செய்ய மாட்டார்கள். அடியில் நாலு விரல் தண்ணீர் விட்டு வைப்பார்கள். அதற்குத் தாய்த்தண்ணீர் என்று பெயர். காலி டிரம்மைப் பார்த்தால் லாரி வழி மறந்துவிடுமாம். அந்த நாலு விரல் தண்ணீரில்தான் கொசுப்புழு நெளியும். அதன் மேலேயே புதுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்வார்கள். மருந்துப் பொட்டலம் போட்டால், நான் தெருமுனை தாண்டும் வரை காத்திருந்து, வெளியே எடுத்து ஆணியில் மாட்டிவிடுவார்கள். அடுத்த தடவை என் தலை தெரிந்ததும் மறுபடி டிரம்முக்குள் போகும். எனக்குத் தெரியாதாம்!

இதில் பெரிய ஆள் ஃபிடென்சியோ. செங்கல் அறுக்கிறவர். வீட்டில் நாலு டிரம்.

"வாம்மா கொசு மகாராணி! இன்னிக்கு யார் தலைய உருட்டப் போற?"

"உங்க தலையத்தான். மூடி எங்கண்ணே?"

"ஆட்டுக்குத் தீனி வைக்கப் போயிருச்சு."

"புழு நெளியுது, பாருங்க."

"நெளிஞ்சா நல்ல தண்ணின்னு அர்த்தம். வெஷமா இருந்தா செத்துருக்காதா? உன் மருந்தப் போட்டாத்தான் சாவுது. அத நான் குடிக்கணுமாக்கும்!"

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது? தலையில் அடித்துக்கொண்டு வெளியே வருவேன். அவர் மனைவி சோய்லா பின்னாலேயே வந்து ஒரு குவளை சிச்சா என்கிற சோளக்கள் கொடுத்து, "அவரு கெடக்காரு, நீ குடி" என்பாள். குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

அடுத்த வீடு டெய்சியுடையது. அங்கே மட்டும்தான் நான் சொன்னதெல்லாம் நடக்கும். டிரம்முக்கு மூடி, மூடிக்கு மேல் துணி, துணியைச் சுற்றி ரப்பர். காரணம் பிரிசா. டெய்சியின் ஒரே மகள், ஏழு வயது. கோயிலில் அவளை என் கையில் ஏந்தி ஞானஸ்நானம் கொடுத்தோம், நான்தான் அவளுக்கு ஞானத்தாய். இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளம் வந்தபோது அவளுக்கு டெங்கு வந்து பிழைத்தாள். டாக்டர் டெய்சியைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை வந்தால் முதல் தடவை மாதிரி இருக்காது, ரத்தம் கசியும், பிள்ளையைக் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள் என்று சொன்னார். அன்றிலிருந்து அந்த வெயிலிலும் பிரிசாவுக்கு முழங்கால் வரை சாக்ஸ்.

"ஞானம்மா, சாக்ஸ் போட்டா உள்ள கால் இருக்கறது கொசுவுக்குத் தெரியாதா?"

"தெரியாதுடி. அதுக்கு அறிவு கம்மி."

"ஃபிடென்சியோ மாமா மாதிரியா?"

நான் சிரித்த சிரிப்பில் டார்ச் கீழே விழுந்தது. டெய்சி சிரிக்கவில்லை. அவள் பக்கத்து வீட்டு மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாம மூடி என்னக்கா ஆகப் போவுது? அங்க பொறந்து இங்கதான வருது," என்றாள்.

அவள் சொன்னது உண்மைதான். யோசித்து ஒரு திட்டம் போட்டேன். தெருவில் இருபத்திரண்டு வீடு. ஒரே நாளில் எல்லோரும் தாய்த்தண்ணீரைக் கொட்டவேண்டும். டிரம்மின் உட்சுவரில் முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, பிளீச்சிங் ஊற்றிக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். திங்கட்கிழமை செய்தால் செவ்வாய் லாரி வந்துவிடும். ஒரு ராத்திரிதானே!

நான் கேட்டிருந்தால் ஒருத்தரும் செய்திருக்க மாட்டார்கள். டெய்சி கேட்டாள். பிரிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஃபிடென்சியோ வீட்டு வாசலில் நின்று அழுதுவிட்டாள். அவர் பிள்ளையின் சாக்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அழாத புள்ள. எங்கம்மா காலத்துலேர்ந்து வச்சிருந்த தாய்த்தண்ணி. கொட்டறேன், போ. பிரிசாவுக்காக. இந்தக் கொசு மகாராணிக்காக இல்ல."

திங்கட்கிழமை சாயங்காலம் இருபத்திரண்டு வீட்டு வாசலும் நனைந்திருந்தது. ஆடுகள் ஓடி வந்து ஈர மணலை நக்கின. ஃபிடென்சியோ டிரம்முக்குள்ளேயே தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டு, உள்ளிருந்து பாட்டுப் பாடினார். நான் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ஒன்பது வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. கவிழ்த்து வைத்த டிரம்களைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண்ணீர் வந்தது.

செவ்வாய்க்கிழமை லாரி வரவில்லை.

லாரி தண்ணீர் பிடிக்கிற கிணற்றின் மோட்டார் எரிந்துவிட்டது, நாளைக்குச் சரியாகிவிடும் என்றார்கள். நாளை போய் மறுநாள் வந்தது. வெள்ளியும் போனது. லிமாவிலிருந்து சாமான் வரவேண்டுமாம். நான் சுகாதார நிலையத்திலிருந்து எல்லோருக்கும் போன் போட்டேன், கத்தினேன், கெஞ்சினேன். மோட்டார் கத்தினால் ஓடுமா? ஜனங்கள் கழுதை மேல் குடத்தைக் கட்டி இரண்டு மணி நேரம் நடந்து வாய்க்காலுக்குப் போனார்கள். சோய்லாவின் ஆட்டுக்குட்டிகள் இரண்டு செத்தன. டெய்சி பிரிசாவைப் பக்கத்து டவுன் கத்தகாவோஸில் தன் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டாள். அங்கே நாலு நாள் வைத்திருந்தார்கள். அப்புறம் அவர்களுக்கே இடைஞ்சல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சோய்லா என்னைத் தெருவில் நிறுத்தினாள். அந்தத் தடவை கையில் சிச்சா இல்லை.

"கொசு கடிச்சாலும் உசுரோட கெடந்தோம்டி. நாலு வெரக்கட தண்ணி இருந்தா எங்குட்டிங்க பொழச்சிருக்கும். காலி டிரம்மப் பாத்தா லாரி வராதுன்னு சொன்னப்ப சிரிச்சல்ல? இப்ப சிரி!"

நான் திரும்பிப் போய் மறுபடி போன் போட்டேன்.

பன்னிரண்டாம் நாள் லாரி வந்தது. வந்தபோது தெருவே பைத்தியம் பிடித்த மாதிரி ஆயிற்று. டிரம் நிறைந்தது. அப்புறம் குண்டான், சட்டி, சிச்சா ஜாடி, பெயிண்ட் டப்பா, குழந்தை குளிப்பாட்டுகிற தொட்டி. பாதியாக அறுத்த லாரி டயரில் கூட ஊற்றி வைத்தார்கள். ஃபிடென்சியோ ஓடாத பிரிட்ஜை மல்லாக்கப் படுக்க வைத்து அதற்குள் தண்ணீர் பிடித்தார். ஒன்றுக்கும் மூடி இல்லை. நான் ஒவ்வொரு வாசலாக ஓடினேன். "மூடுங்க! அய்யோ, மூடி வைங்க! துணியாவது போடுங்க!" என்னிடம் இருந்த மருந்து டிரம்களுக்கு மட்டும் அளந்து கொடுத்தது. பெயிண்ட் டப்பாவுக்கெல்லாம் எங்கே போவேன்? டயர் ஒன்றைக் கவிழ்க்கப் போனேன். சோய்லா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஒரு சொட்டு கீழ விழுந்துச்சு, உன்னக் கவுத்துருவேன்."

அவள் சும்மா சொல்லவில்லை. கையை எடுத்துவிட்டேன்.

லாரி வந்த எட்டாம் நாளிலிருந்து கொசு கிளம்பியது. அப்படி ஒரு கொசுவை நான் பார்த்ததே இல்லை. டெய்சி கதவைச் சாத்தி, சாணத்தைக் கொளுத்திப் புகை போட்டு, பிள்ளையைக் கட்டிலை விட்டு இறக்காமல் வலைக்குள்ளேயே வைத்திருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை பகலெல்லாம் வலைக்குள் இருக்குமா? ஒன்றுக்குப் போக இறங்கத்தானே செய்யும்! மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பிரிசாவுக்குக் காய்ச்சல் அடித்தது.

பியூரா ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. நடையில் ஒரு பெஞ்சைப் போட்டுப் படுக்க வைத்து, சுவரில் அடித்த ஆணியில் பாட்டிலைத் தொங்கவிட்டார்கள். நான் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். நாலாம் நாள் காலையில் டெய்சி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! காய்ச்சல் விட்டுருச்சுக்கா! தொட்டுப் பாரு, ஜில்லுன்னு இருக்கு!"

இந்தக் கொசு வேலையில் கற்றுக்கொடுத்த ஒன்று என்றால் இதுதான். இந்த நோயில் காய்ச்சல் விட்டபிறகுதான் ஆபத்து. நான் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்றுதான் இருந்தது. "ஆமாடி" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் அவளிடம்? போய் நர்ஸைக் கூட்டி வந்தேன், டாக்டரைக் கூட்டி வந்தேன். செய்யவேண்டியதை எல்லாம் செய்தார்கள். மறுநாள் மத்தியானம் பிரிசா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள், போனவர்களின் துணியைத் துவைத்துக் காயப்போடுவது எங்கள் வழக்கம். அவர்கள் தாகமில்லாமல் போவதற்காக. வீட்டுக்காரர்கள் தங்கள் தண்ணீரில் துவைக்கக் கூடாது, தெருக்காரர்கள் ஆளுக்கொரு வாளி கொண்டுவரவேண்டும். முன்னெல்லாம் பஞ்ச காலத்தில் அரை வாளி, கால் வாளிதான் வரும். அன்றைக்கு இருபத்தோரு வீட்டிலிருந்தும் வாளி தளும்பத் தளும்ப வந்தது. ஒருத்தரும் கணக்குப் பார்க்கவில்லை. சோய்லா இரண்டு வாளி கொண்டுவந்து வைத்துவிட்டு, டெய்சியின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னையும் கட்டிக்கொண்டாள்.

டெய்சி மணலில் உட்கார்ந்து முதல் வாளியை இழுத்தாள். பிரிசாவின் சாக்ஸை அதில் போடப் போனவள் நிறுத்தினாள்.

"அக்கா, இதப் பாரு."

பார்த்தேன். பார்க்காமலே தெரியும் எனக்கு. இருபத்திரண்டு வாளியிலும் அதுதான் நெளிந்துகொண்டிருக்கும்.

"இது பறக்க எத்தன நாளாவும்?"

"ரெண்டு மூணு நாள்."

"கொட்டிரவா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கொடுத்த மனுஷர்கள், அழுது சிவந்த கண்ணோடு நின்றார்கள். அந்தத் தண்ணீரை மணலில் கொட்டச் சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்? சொன்னால்தான் என்ன, யார் வீட்டு பிரிட்ஜைக் கவிழ்க்கப் போகிறேன்?

"துவைடி," என்றேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சோப்பை எடுத்தேன்.

ஃபிடென்சியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"போதுமா தாயி? பத்தலைன்னா சொல்லு. வீட்ல நெறைய இருக்கு."