குழாயடி நீலப்பூ

டாக்டர் சீட் கிடைக்காதவர்களுக்கென்றே தாவரவியல் துறையைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது அவளுடைய பெரியப்பாவின் ஆராய்ச்சி முடிவு. "செடிக்குத் தண்ணி ஊத்த எதுக்கும்மா பட்டம்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் அம்மாவின் முகம் சுண்டிப்போகும். அதற்குத் தோதாக, போன வருடச் செய்முறைத் தேர்வில் அவள் கோட்டை விட்டிருந்தாள். இந்த முறையும் போனால் பெரியப்பாவின் கடைக் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

தேர்வுக்கு ஒரு செடியை வேர், இலை, பூவோடு பிடுங்கி, செய்தித்தாள்களுக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்கள் மலையேறிக் கால் வீங்கித் திரும்பினார்கள். நம் வீராங்கனை அன்று வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். பிறகு ஆய்வகத்தின் பின்னால் குழாயடியில் நீலப் பூவோடு நின்ற ஒன்றைப் பிடுங்கிக்கொண்டாள். பேராசிரியர் அந்த வாரம் வெளியூரில், அரிய செடிகளைக் காப்பாற்றுவது எப்படி என்று கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தார்.

தேர்வன்று காலைதான் வந்து சேர்ந்தார். அவள் நீட்டிய தாளைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

"இதை எங்கம்மா எடுத்தே?"

"பின்னாடி குழாய்கிட்ட, சார்."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழிந்துபோனது என்று எல்லோரும் எழுதி முடித்துவிட்ட செடி அது. அந்தக் குழாயடியில் அவர் கண்ணில் மட்டும் பட்டிருந்தது. பூக்கட்டும், உறுதி செய்து எழுதலாம் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தார். வேலி போடவில்லை, ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் பக்கத்து அறைப் பேராசிரியர் கண்டுபிடிப்பில் தன் பெயரைப் போட்டுக்கொள்வாரே!

"எத்தனை இருந்துச்சு?"

"ஒண்ணுதான் சார்."

"ஒண்ணே ஒண்ணு இருந்தா தொடக்கூடாதுன்னு நான் சொல்லிக்கொடுக்கலையா?"

"இல்லையே சார். வேரோட பிடுங்கணும்னுதான் சொன்னீங்க."

யோசித்தார். உண்மைதான். அந்தப் பாடத்திலிருந்து பரீட்சையில் கேள்வி வராது என்று தாண்டிப் போயிருந்தார்.

"காய், விதை ஏதாவது?" குரல் கெஞ்சியது.

"அப்பதான் சார் பூத்திருந்துச்சு."

இனி அந்தச் செடி எங்கும் இல்லை என்பது, சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. முட்டைதான் என்று காத்திருந்தாள். அவரோ வேரின் நுனிவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முழு மதிப்பெண் போட்டார்.

"நான் சொன்னபடியேதான் செஞ்சிருக்கே," என்றார்.

வெளியே வந்ததும் அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "பாஸாடி?"

"ஃபுல் மார்க்மா," என்றவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்து அம்மாவும் சேர்ந்து அழுதாள். "இரு, இப்பவே பெரியப்பாகிட்ட சொல்றேன்!"