பல் டாக்டருக்குப் பெரிய படகு

பல் டாக்டரிடம் ஒரு சின்னப் பாய்மரப் படகு இருந்தது. பத்தொன்பது அடி நீளம். டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் மாட்டி, எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போகலாம். ஞாயிறு காலையில் ஏரிக்குப் போவது, சிமெண்டுச் சரிவில் இறக்குவது, பாய்மரத்தை நிமிர்த்தி மாட்டுவது, மாலை வரை மனைவியோடு காற்று போன பக்கமெல்லாம் போவது, திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தி உறை போடுவது என்று ஏழு வருடமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. குறை இல்லாமல் இருந்தால் சில பேருக்குத் தூக்கம் வராது. டாக்டருக்குப் பெரிய படகு வேண்டும் என்று ஆகிவிட்டது.

காரணம் கேட்டால் அடுக்கிக்கொண்டே போவார். சின்னப் படகின் அறைக்குள் நிமிர்ந்து நிற்க முடியவில்லையாம். இவர் உயரம் ஐந்தடி நான்கு. உள்ளே கழிப்பறை இல்லையாம், அடுப்பு இல்லையாம், பாய்மரத்தை வாராவாரம் தூக்கி நிறுத்த முதுகு ஒத்துழைக்கவில்லையாம். கிளினிக்கில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தவர்களிடமெல்லாம் இதை விளக்கினார். ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அதைப் பொதுமக்களின் ஏகோபித்த ஆதரவு என்று எடுத்துக்கொண்டார்.

உண்மையான காரணம் வேறு. டாக்டருக்கு டிரெய்லரை ரிவர்ஸ் எடுக்க வராது.

அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடது பக்கம் போகும். இடது பக்கம் திருப்பினால் வலது பக்கம் போகும். படகு வாங்கிய முதல் ஞாயிறு, டாக்டர் சரிவில் இறக்குகிறேன் பேர்வழி என்று டிரெய்லரைக் குறுக்கே போட்டு, அறிவிப்புப் பலகை ஒன்றைச் சாய்த்து, பின்னால் வந்த ஆறு வண்டிகளை முக்கால் மணி நேரம் ஹாரன் அடிக்கவிட்டார். மானம் கப்பலேறும் என்பார்கள். அவருடையது கப்பலைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே ஏறிவிட்டது. கடைசியில் மனைவி அவரை இறங்கச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவள் மரவாடிக்காரரின் மகள். பதினாறு வயதிலேயே மரக்கட்டை ஏற்றிய டிரெய்லரை டிராக்டரில் ரிவர்ஸ் எடுத்தவள். இப்போது அந்த மரவாடியையே நடத்துகிறவள். ஒரே வீச்சில் கொண்டுபோய் இறக்கினாள்.

சரிவுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற நாலு பெரிய மனிதர்கள் உண்டு. படகு கிடையாது, அபிப்பிராயம் உண்டு. டாக்டர் அவர்களுக்குக் கரைக் கமிட்டி என்று பெயர் வைத்திருந்தார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கமிட்டி, "மேடம் வந்தாச்சு" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். மேடம் இறக்குவாள். டாக்டர் முழங்கால் தண்ணீரில் நின்று, வா வா என்று கையை ஆட்டுவார். அந்தக் கையை யாரும் பார்க்கவில்லை, மனைவி உட்பட. ஏழு வருடம் ஒரு மனிதன் எவ்வளவுதான் கையை ஆட்டுவான்?

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறோம் என்று ஒரு மாதம் போனது. டாக்டர் தாளில் கோடு கிழித்து, வைத்துக்கொள்வதற்கான காரணங்களை ஒரு பக்கமும் மாற்றுவதற்கான காரணங்களை இன்னொரு பக்கமும் எழுதினார். மாற்றும் பக்கம் மட்டும் எப்படியோ நிரம்பிக்கொண்டே வந்தது. மனைவி ஒன்றையும் எழுதவில்லை. ஒரு நாள் மட்டும் தட்டை நகர்த்திவிட்டு நேராகப் பார்த்தாள்.

"எனக்கு இது போதும். நாம ரெண்டு பேர் சேர்ந்து செய்யற வேலை இது ஒண்ணுதான். உங்களுக்கு என்னதான் பிரச்சினை? நிஜமா சொல்லுங்க."

டாக்டர் வாயைத் திறந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வெளியே வந்தது, கூரை உயரம் பத்தவில்லை என்பதுதான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

படகுத் தரகர் ஒருவர் முப்பத்தோரு அடிப் படகைக் காட்டினார். டாக்டர் மெத்தையை அமுக்கிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், நிமிர்ந்து நின்று தலைக்கு மேல் கையை வைத்து அளந்தார். தரகர் தொழில் தெரிந்தவர். "இனிமே டிரெய்லரையே மறந்துடலாம் சார், இது வருஷம் பூரா தண்ணியிலேயே கிடக்கும், மேடம் கையைக்கூட அசைக்க வேண்டாம்" என்றார். டாக்டர் முகம் மலர்ந்த மலர்ச்சியில் பேரம் பேசுவதே மறந்துபோயிற்று. மனைவி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சின்னப் படகை வாங்க ஒரு நர்சரி பள்ளி டீச்சர் வந்தாள். தனி ஆள், முப்பது வயதிருக்கும். படகைச் சுற்றி வந்தவள் மூச்சு விடாமல் சொன்னாள்: "படகு ரொம்பப் பிடிச்சிருக்குக்கா. ஆனா எனக்கு ரிவர்ஸ் சுத்தமா வராது. கொஞ்சம் சொல்லிக் குடுப்பீங்களா?"

டாக்டர் ஏழு வருடமாக முழுங்கிக்கொண்டிருந்த வாக்கியத்தை அந்தப் பெண் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொல்லிவிட்டாள். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. மனைவி வாய்விட்டுச் சிரித்து, ஞாயிற்றுக்கிழமை வா என்றாள். டாக்டருக்கு அந்தச் சிரிப்பு என்னவோ செய்தது.

பெரிய படகைத் தரகரின் ஆட்களே கொண்டுவந்து ஏரியின் படகுத்துறையில் கட்டிவிட்டுப் போனார்கள். முதல் ஞாயிறு டாக்டர் புதுத் தொப்பியோடு ஏறினார். மனைவி மெத்தையில் உட்கார்ந்தாள். அசைக்க வேண்டாம் என்று சொன்ன கையை மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் டாக்டர் கவனித்தார். படகு மூக்கை உள்ளே விட்டுக் கட்டியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு பளபள படகு, அந்தப் பக்கம் ஒரு பளபள படகு, நடுவில் ஒரு முழம் இடைவெளி. ஏரிக்குப் போக வேண்டுமானால் இந்த முப்பத்தோரு அடியையும் பின்னாலேயே எடுத்து வெளியே கொண்டுவர வேண்டும்.

ரிவர்ஸுக்குப் பயந்து டிரெய்லரை விற்றவர், ரிவர்ஸ் எடுக்காமல் நகரவே முடியாத ஒன்றைத் தேடிப் பிடித்து, ஆசை ஆசையாக வாங்கியிருந்தார். அதுவும் டிரெய்லராவது நிறுத்தினால் நிற்கும். இது நிற்கக்கூட நிற்காது.

கிளம்பலாமா என்று மனைவி கேட்டாள். காற்று சரியில்லை என்றார். பக்கத்துப் படகின் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, டீச்சரை வரச் சொல்லியிருக்கிறேன் என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் டாக்டர் இன்ஜினைப் போட்டு, கயிற்றை அவிழ்த்து, ரிவர்ஸ் கியரைத் தட்டிப் பார்த்தார். படகின் பின்புறம் அதன் இஷ்டத்துக்கு இடது பக்கம் திரும்பி, பளபள படகை முத்தமிடப் போனது. காலை நீட்டி உதைத்துத் தள்ளி, வேர்த்து விறுவிறுத்து மறுபடி கட்டினார். நிமிர்ந்தால், கரைக் கமிட்டி நாலு நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு சரிவிலிருந்து படகுத்துறைக்கு நடந்து வந்துகொண்டிருந்தது. இன்ஜினைச் சோதித்தேன் என்று, யாரும் கேட்பதற்கு முன்பே அறிவித்தார்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறுகள் அவர் படகு வசதிகளை அனுபவித்தார். அடுப்பில் டீ போட்டார். நிமிர்ந்து நின்று குடித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சின்னப் படகு ஏரியில் சாய்ந்துகொண்டு போகும். டீச்சர் சுக்கானைப் பிடித்திருப்பாள், மனைவி முன்னால் கயிற்றைப் பிடித்திருப்பாள், இரண்டு பேரும் எதற்கோ சிரிப்பார்கள். டாக்டருக்குப் பொறாமையாக இருந்தது. டீச்சர் உட்கார்ந்திருந்த இடம் ஏழு வருடம் அவர் உட்கார்ந்த இடம். ஏழு வருடமும் கரையில் இருந்த நாலு கிழவர்களைப் பற்றியே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எதிரே இருந்தவளைப் பார்க்காமல்.

அதற்கடுத்த ஞாயிறு சாயங்காலம் டாக்டர் டீக் கோப்பையை வைத்துவிட்டுச் சரிவுக்கு நடந்தார். கமிட்டி முழு எண்ணிக்கையில் கூடியிருந்தது. டீச்சர் படகை டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி நின்றாள்.

"எனக்கு ரிவர்ஸ் வராது" என்றார் டாக்டர். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

கமிட்டியில் ஒருவர் இருமினார். மனைவி துண்டை மடித்தாள்.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"பலகை விழுந்த அன்னிக்கே தெரியும். அதுக்காகத்தான் படகை விக்கறீங்கன்னு தரகர் பேசறப்ப தெரிஞ்சுது. கடைசி வரைக்கும் வாயால சொல்லுவீங்கன்னு பாத்தேன். சாப்பாட்டு மேஜையில இந்த ஒரு வார்த்தைய சொல்லியிருந்தா, சின்னப் படகு நம்ம வாசல்லயே நின்னிருக்கும்."

அவளுக்குக் கோபம்கூட இல்லை; அதுதான் டாக்டரைக் குத்தியது. தப்புதான் என்றார். சொல்லிக் கொடுக்கிறாயா என்று கேட்டார். அவள் கொஞ்ச நேரம் பெரிய படகு கட்டியிருந்த பக்கம் பார்த்தாள். பிறகு காரைக் கிளப்பிவிட்டுக் காத்திருந்த டீச்சரைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை வேணா வர்றேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை எனக்குப் படகு இருக்கு."