வராதவர்கள் தைத்த பனியன்

அந்தப் பனியன் கம்பெனியில் எதையும் உறுதியாக எண்ண முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் இரண்டு எண் எழுதி வைப்பார்கள். குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு. கோகிலவாணி ஒரு நாளைக்குத் தைப்பது குறைந்தது நாற்பது, கூடினால் இருநூறு. அவள் வேலைக்கு வந்த கணக்கும் அப்படித்தான். குறைந்தது பூஜ்யம், கூடினால் ஒன்று.

எட்டு யூனிட்டையும் வாரா வாரம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கம்மி ஆளை வைத்து நிறையத் தைத்தது நல்ல யூனிட். கடைசியில் நிற்பதை இழுத்து மூடிவிடுவார்கள்.

இந்தத் தடவை கடைசியில் நின்றது கோகிலவாணியின் யூனிட். சூப்பர்வைசர் தங்கமுத்து முப்பத்திரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"பனியனைக் கூடினதுல எழுதிக்கறேன். ஆளைக் குறைஞ்சதுல எழுதிக்கறேன். ரெண்டுமே ரிஜிஸ்டர்ல இருக்கறதுதான், பொய்யில்ல."

"அப்ப நாங்க யாரும் வரலைங்களாண்ணா?" என்றாள் நூல் வெட்டுகிற ஜெபராணி.

"வந்திருக்கலாம் அம்மிணி. வந்தேதான் இருக்கணும்னு இல்லையே."

"எங்க மாமியாளும் இதையேதான் சொல்லுது, நான் இருந்தும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு."

எல்லாரும் சிரித்தார்கள். கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய ஏழு மாசப் பாப்பா கம்பெனிக் காப்பகத்தில் இருந்தது. வேலைக்கு வந்த ஆளுக்குத்தான் அங்கே பிள்ளையைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

"அண்ணா, எனக்கு மட்டும் ஒண்ணுன்னு..."

முப்பத்தொரு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தங்கமுத்து எழுதி முடித்தார். ஆள் யாருமில்லை, பனியன் ஆறாயிரத்து நானூறு. யூனிட் முதலிடத்துக்குப் போனது. லட்டு வந்தது. வராதவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று அது மேசைமேலேயே இருந்தது.

சாயங்காலம் காப்பகத்து ஆயா ரிஜிஸ்டரைப் புரட்டினாள்.

"நீங்க இன்னிக்கு வரவே இல்லையேங்க."

"காலைல உங்க கையிலதானேக்கா குடுத்தேன்?"

"வராதவங்க எப்படிங்க குடுப்பீங்க? நீங்க வரலைன்னா பாப்பாவும் வரல. வீட்டுலதான் இருக்கும், போய்ப் பாருங்க கண்ணு."

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பாப்பாவின் குரல்.

"அதுங்களா? அது குறைஞ்சது பூஜ்யம்," என்று சொல்லி ஆயா கதவைச் சாத்தினாள்.

கோகிலவாணிக்கு மார்பு கனத்து, ஜாக்கெட் பாலில் நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீடு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டினாள். அன்றைக்கு வேலைக்குப் போகாத கோகிலவாணி வந்து திறந்தாள். அவள் தோளில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்தது.

"மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணசந்துச்சு."

"கொஞ்சம் குடுங்க. பால் கட்டிக்கிட்டு வலிக்குது."

"இப்பத்தானுங்க வயிறு நிறையக் குடிச்சுது. எழுப்பினா அழும்." பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "நாளைக்கும் நீங்களே வேலைக்குப் போயிருவீங்கல்ல?"

"போறேங்க," என்றாள் கோகிலவாணி.

கதவு மூடியது. அவள் படியில் உட்கார்ந்தாள். தெரு நெடுக ஒவ்வொரு வீட்டுப் படியிலும் வேலைக்குப் போய்வந்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒரே தண்ணீர்க் குடம்தான் படிக்குப் படி கைமாறி வந்துகொண்டிருந்தது. தன் முறை வரட்டும் என்று கோகிலவாணி காலி டிபன் பாக்ஸை மடியில் திறந்து வைத்துக்கொண்டாள்.