மேஸ்திரிக்கு மூணு வேட்டு

வேம்புலிக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. செத்துப்போனவர் அவனுக்கு உயிர்ச் சிநேகிதர். மூலையில் உட்கார்ந்து அழ வேண்டியவன்தான். ஆனால் அழ நேரம் ஏது? மேஸ்திரிக்கு மூன்று வேட்டு போட்டாக வேண்டும், வாக்குக் கொடுத்தாகிவிட்டது!

ஆரோக்கியசாமி மேஸ்திரி பர்மா சண்டையில் பாலம் கட்டிய சிப்பாய். பட்டாளத்தை விட்டதும் ரயில்வேயில் சேர்ந்து, நெமிலிச்சேரிப் பக்கம் தண்டவாளம் பார்க்கும் கேங்குக்குத் தலைவரானார். அந்தக் கேங்கில் வேம்புலி கீமேன். சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தினமும் லைனோடு நடந்து, கழன்றதை அடித்து இறுக்குகிற வேலை. லீவு நாளென்றால் இரண்டு பேரும் வீடு தங்க மாட்டார்கள். ஏரியில் விரால் பிடிப்பார்கள். மேஸ்திரியின் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு சேற்று வயலில் உள்ளான் சுடப் போவார்கள். மேஸ்திரி குறி வைத்தால் பறவை தப்பாது என்று வேம்புலி ஊரெல்லாம் அளந்துவைத்திருந்தான். பாதியாவது உண்மைதான்.

"டேய், நான் பூட்டா வேட்டு போட்டுத்தான் அனுப்பணும். சும்மா மோளம் அடிச்சிகினு போயி பொதைச்சிடாதீங்க. சிப்பாய்டா நானு" என்று சாவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேம்புலியின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார் மேஸ்திரி.

"போட்டுர்றேன் அண்ணாத்தே. மூணு வேட்டு!" என்றான் வேம்புலி.

சொல்லிவிட்டான். துப்பாக்கி எங்கே? எழுபத்தொன்றாம் வருடத் தேர்தலுக்காக ஊரிலுள்ள லைசென்ஸ் துப்பாக்கிகள் எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் தூங்கிக்கொண்டிருந்தன. ஏட்டிடம் போய்க் கெஞ்சினான். "தேர்தல் முடிஞ்சி வா" என்றார் ஏட்டு. பிணம் தேர்தல் வரை காத்திருக்குமா? வெறுங்கையோடு திரும்பி வந்து, சுவரில் மாட்டியிருந்த தன் டியூட்டிப் பையைப் பார்த்தான். பார்த்தவன் துள்ளிக் குதித்தான்.

பையில் தகர வெடிகள் இருந்தன. லைனில் ஆபத்தென்றால் தண்டவாளத்தின் மேல் பொருத்துவார்கள். சக்கரம் ஏறியதும் டமார் என்று வெடிக்கும். ரிட்டையர் ஆகிறவர்களை இதை வெடித்து வழியனுப்புகிற வழக்கமும் உண்டுதானே! மேஸ்திரிக்கு மட்டும் என்ன குறைச்சல்?

சாயங்காலம் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டம் கிளம்பியது. கல்லறைத் தோட்டம் லைனுக்கு அந்தப் பக்கம். கூட்ஸ் வருகிற நேரமாகையால் கேட் மூடியிருந்தது. பெட்டியை இறக்கி வைத்தார்கள். வேம்புலி லைனோடு கொஞ்ச தூரம் போய், மூன்று தகர வெடிகளைத் தண்டவாளத்தில் பொருத்திவிட்டு வந்தான். காத்திருந்த நேரமெல்லாம் ஆளாளுக்கு மேஸ்திரி கதைதான்.

பெருமழைக் கதையைத்தான் எல்லாரும் சொன்னார்கள். ஏரி உடைத்துக்கொண்டு, தண்டவாளத்து ஜல்லியை வாரிக்கொண்டு போன வருடம் அது. உள்ளான் வேட்டையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார். மெயில் வருகிற நேரம். கையில் கொடியும் இல்லை, வெடியும் இல்லை. மனுஷன் லைனிலேயே ஓடினார், ஓடிக்கொண்டே துப்பாக்கியை ஆகாயத்தைப் பார்த்து வெடித்தார். தகர வெடிதான் வெடிக்கிறதென்று டிரைவர் பிரேக்கைப் போட்டார். பெட்டி கொள்ளாத ஜனத்தோடு மெயில் நின்றது! அன்றிலிருந்து அவர் 'துப்பாக்கி மேஸ்திரி'.

வேம்புலிக்கு மட்டும் வேறு ஒன்று ஞாபகம் வந்தது. கேங்கில் யார் தப்புப் பண்ணினாலும், அதிகாரி வந்து கேட்டால் "நான்தான் சார்" என்று அவர் முன்னால் போய் நிற்பார். வேம்புலி ஒருமுறை தண்ணியைப் போட்டுவிட்டு ஸ்பேனரைத் தொலைத்தபோதும் அப்படித்தான் நின்றார்.

கூட்ஸ் புகை தெரிந்தது. கேட்மேன் அப்பாவுவின் தோளை வேம்புலி உலுக்கினான். "பாரு மாமே, இப்போ பாரு!"

டமார்! டமார்! டமார்!

ஏரிக் கொக்குகள் மொத்தமும் எழும்பின. கூட்டம் கத்தியது. வேம்புலி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். அப்போதுதான் அவனுக்கு அழுகையே வந்தது.

உடனே இன்னொரு சத்தமும் வந்தது, பிரேக் சத்தம். கூட்ஸ் கிறீச்சிட்டுக்கொண்டே வந்து கேட்டை மறித்து நின்றது. வெடிச்சத்தம் கேட்டால் டிரைவர் நிறுத்தியே ஆகவேண்டும். ரிட்டையர்மென்டுக்கு வைத்தால் டிரைவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். இவனோ வேட்டு வேட்டு என்று பறந்ததில் அதைச் சுத்தமாக மறந்துவிட்டான்.

டிரைவர் பால்ராஜ் குதித்து இறங்கி வந்தார். "எவன்டா வெச்சான்? எதிர்ல இன்னா ஆபத்து?"

கூட்டம் பெட்டியைச் சுற்றி நெருங்கி நின்றது.

"சும்மா நின்னா? வண்டி நின்னதுக்கு நான் ரிப்போர்ட் எழுதணும். வெச்சவனுக்கு வேல பூடும். சொல்லுங்க, யாரு பேரை எழுதட்டும்?"

வேம்புலிக்கு வீட்டில் நாலு பிள்ளைகள். இருந்தாலும் ஒரு அடி முன்னால் வைத்தான்.

"அவருதாங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மேஸ்திரியின் மனைவி ஞானசௌந்தரி. காலையிலிருந்து வாயே திறக்காதவள், பெட்டியைக் காட்டினாள். "எங்க ஊட்டுக்காரருதான் வெச்சாரு. ஆரோக்கியசாமி மேஸ்திரின்னு எழுதிக்குங்க."

டிரைவர் பெட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். "யாரு, துப்பாக்கி மேஸ்திரியா?"

"ஆமாங்க."

"இன்னொரு தபா வண்டிய நிறுத்திட்டாராய்யா மனுஷன்!"

அவர் என்ஜினில் ஏறினார். கூட்ஸ் நகரத் தொடங்கியதிலிருந்து கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஊதலை விடவேயில்லை. ஜனம் கையைத் தூக்கிக்கொண்டு கத்தித் தீர்த்தது.

அப்பாவு கேட்டைத் திறந்தார். வேம்புலி ஓடிப்போய்ப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான்.

"பூட்ட பிறவுகூட 'நான்தான் சார்'னுட்டியே அண்ணாத்தே" என்று மரப்பலகையோடு கன்னத்தை வைத்துச் சொன்னான். பிறகு மற்றவர்களோடு சேர்ந்து லைனைக் கடந்தான்.