திருப்பத்தில் கேட்ட முனகல்

கிளைடர் விமானத்தில் எஞ்சின் கிடையாது. உள்ளே ஒரு திருகாணி தும்மினாலும் காதில் விழும். அதை ஓட்டும் நாத்தனாருக்கு வானத்தில் கேட்டது தும்மல் இல்லை, முனகல். வட்டமடிக்கச் சாய்க்கும்போதெல்லாம் வலப்பக்கமிருந்து ‘க்ர்ர்க்’ என்று வரும். நிமிர்த்தினால் நின்றுவிடும்.

வலது இறக்கை அவளுடைய அண்ணி ஒட்டியது. மைதானத்தில் அண்ணிக்கு ரெசினக்கா என்று பெயர். வேலியில் மோதிப் பிளந்த இறக்கையைப் பட்டறையில் கிடத்தி, மழைக்காலம் முழுக்க இழைத்துணியும் ரெசின் பசையுமாக அடுக்கடுக்காக ஒட்டி, தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்தவள்.

பறக்க அனுமதி தரும் பரிசோதகர் இறக்கையைத் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார்.

“வெளிய ஒண்ணும் தெரியலம்மா. உள்ள ஒட்டு விட்டிருந்தா தெரியவும் தெரியாது. சனிக்கிழமைக்குள்ள எங்கேருந்து வருதுன்னு சொல்லு. இல்லன்னா அறுத்துத் திறந்துதான் பாக்கணும்.”

“அறுத்தா அடுத்த மழை வரைக்கும் இது பறக்காது சார்” என்றாள் ரெசினக்கா.

“விழுந்தா எப்பவுமே பறக்காது.”



முதலில் சில்லறைச் சந்தேகங்களைத் தீர்த்தார்கள். மெத்தையை எடுத்தார்கள், பெல்ட்டுகளை இழுத்துக் கட்டினார்கள், பேட்டரிப் பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்தார்கள். நாத்தனார் ஏறிப் போய் இறங்கி வந்தாள். முனகல் அப்படியே இருந்தது. இடுக்குகளுக்குப் புது டேப் ஒட்டினார்கள். எங்கிருந்தோ வந்துகொண்டிருந்த விசில் நின்றது, முனகல் நிற்கவில்லை.

“கீழ நிக்கிறப்போ மட்டும் ஏன் ஊமையா இருக்கு?” என்றாள் ரெசினக்கா.

“கீழ இறக்கை தொங்குது அண்ணி. மேல போனா வில்லு மாதிரி வளையும். திருப்பத்துல இன்னும் வளையும்.”

ரெசினக்கா கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே போட்டாள். “அப்ப இறக்கையைத் தாங்கிப் பிடிச்சு உடம்பைத் தொங்க விடுவோம். மேல நடக்கறது இங்கயே நடக்கட்டும்.”

கிளைடரை இழுத்து ஏற்றும் வின்ச்சை ஓட்டுபவர் அவள் புருஷன். அவர் தலையைச் சொறிந்தார். “ஏதாவது உடைஞ்சா?”

“இதுக்கே உடையும்னா உங்க தங்கச்சியை எந்தத் தைரியத்துல மேல அனுப்புறீங்க?”

அவர் போய் மரத்தாங்கிகளைத் தூக்கி வந்தார். இறக்கைகளுக்கு அடியில் பஞ்சு வைத்து முட்டுக் கொடுத்தார்கள். சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழுந்தது. நாத்தனார் உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

“எடை பத்துமா அண்ணி? மணல் மூட்டை ஏத்தலாமா?”

“நீ சாப்பிடற சாப்பாட்டுக்கு மூட்டை வேறயா? குதி.”

குதித்தாள். க்ர்ர்க்.

“இதான்! இதேதான்!” நாத்தனார் உள்ளிருந்தபடியே கத்தினாள்.

ரெசினக்கா ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைத் தன் ஒட்டின்மேல் அழுத்தினாள். க்ர்ர்க். காதுக்குள்ளேயே கேட்டது.

“எங்க கேக்குது?” என்றார் புருஷன்.

“என் ஒட்டுலதான்.”

அவளுக்கு மனசு கேட்கவில்லை. குழாயை ஒட்டைத் தாண்டி நுனிப்பக்கம் வைத்தாள். அங்கேயும் கேட்டது. சுற்றி நடந்து இடது இறக்கையில் வைத்தாள். அங்கேயும் அதே முனகல்.

“ஏங்க, இதுல நான் கையே வைக்கலையே!”

இரண்டு இறக்கையும் உள்ளே வெற்றுக்கூடு. எங்கே முனகினாலும் பறை மாதிரி வாங்கிக் கொடுக்கும்.

“ஏய், வலப்பக்கம்னு எப்படிச் சொன்னே?” என்று கேட்டாள் ரெசினக்கா.

நாத்தனார் கண்ணாடி மூடிக்கு வெளியே தலையை நீட்டினாள். “வலதுதானே உடைஞ்சுது. காதும் அங்கதான் போச்சு.”

“நல்ல காது! அடமானம் வெச்சாக்கூட எவனும் வாங்க மாட்டான்.”

இரண்டு இறக்கையும் சேர்வது நடுவில், இருக்கைகளுக்குப் பின்னால். அங்கே இரண்டையும் கோத்துப் பூட்டும் தடித்த எஃகு ஆணி, அவர்கள் பாஷையில் ‘பின்’, இருந்தது. ரெசினக்கா கையை உள்ளே விட்டு அதன் தலையில் விரலை வைத்தாள். நாத்தனார் குதிக்கக் குதிக்க விரலில் சுருக் சுருக்கென்று அதிர்ந்தது. இறக்கைகளின் சுமையை இறக்கிவிட்டுப் பின்னை உருவினார்கள். பளபளவென்று வந்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்துப் பரிசோதகரே மெச்சியிருந்தார்.

“கிரீஸ் எங்க?” என்றார் புருஷன்.

“துடைச்சுட்டேன்.”

“எதுக்கு?”

ரெசின் வேலை செய்கிறவர்களுக்கு கிரீஸ் விஷம். ஒரு பொட்டுப் பட்டால் போதும், துணி ஒட்டாது. ஒட்டு முடியும்வரை பட்டறையில் எதன்மேலும் எண்ணெய்ப் பிசுக்கு இருக்க அவள் விட்டதில்லை. பின்னையும் அது நுழையும் துளைகளையும் தின்னர் ஊற்றித் துடைத்தாள். மறுபடி கிரீஸ் பூசாமல் அப்படியே பூட்டியும் விட்டாள்; எஃகும் எஃகும் உரசித்தான் முனகியது.

“வின்ச்லேருந்து வந்தா என்னையே தின்னர்ல கழுவுறவ, பின்னை மட்டும் விடுவாளா?” என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கிரீஸ் டப்பாவை வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு தன் கையாலேயே பூசினாள்.

மறுபடி முட்டுக் கொடுத்து நாத்தனாரைக் குதிக்க வைத்தார்கள். சத்தமில்லை.

பரிசோதகர் வந்து பின்னையும் துளைகளையும் சோதித்தார். குழாயை வாங்கித் தானும் கேட்டார். “தரையில நின்னுடுச்சு. மேலயும் நிக்கட்டும். அப்புறம் ரம்பத்தை மறுபடி உள்ள வைக்கிறேன்.”

“பின் சீட்டுல நான் உக்காந்து கேக்கறேன்” என்றாள் ரெசினக்கா. அதுவரை அவள் ஒருமுறைகூடப் பறந்ததில்லை.

வின்ச் இழுத்த இழுப்பில் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. கயிறு கழன்றதும் காற்றின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. நாத்தனார் சாய்த்தாள். வலது இறக்கை வளைவதை, அதில் தன் ஒட்டும் சேர்ந்து வளைவதை ரெசினக்கா கண்ணாலேயே பார்த்தாள்.

“கேக்குதா அண்ணி?”

“பேசாதே.” ஒரு வட்டம் முடிந்ததும், “இன்னும் சாய்” என்றாள்.

“இதுக்கு மேல சாய்ச்சா உங்களுக்கு வாந்தி வரும்.”

“வரட்டும். சாய்.”

வாந்தி வந்தது. சத்தம் வரவில்லை.